மூன்றாம் நிரலில் நின்ற சிப்பாய்

அண்ணன்,

எங்கள் மூதாதையின் பெயர் வேறு என்பதைப் பங்குமனைப் பதிவேட்டின் அந்தப் பக்கத்தில் பார்த்துவிட்டு மறைத்தீர்களா, அல்லது பார்க்கவே இல்லையா? எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் வராது. உங்கள் கொப்பி என் மேசையில் கிடக்கிறது. தாள்களுக்கிடையில் ஒரு மீன் செதில் காய்ந்து ஒட்டியிருக்கிறது. கடலால் வந்து கையைக்கூடக் கழுவாமல் எழுத உட்கார்ந்திருக்கிறீர்கள்.

சண்டை முடிந்து, கடற்படையின் பாஸ் இல்லாமல் கடலுக்குப் போகலாம் என்றான பிறகுதான் உங்களுக்கு இந்த எண்ணம் பிடித்தது. ஒல்லாந்தர் காலத்தில் கற்பிட்டிக் கோட்டையில் கூலிக்குச் சேவித்த லமார் என்ற பிரெஞ்சுச் சிப்பாய், நாடு திரும்பாமல் குறிஞ்சிப்பிட்டியில் தங்கிவிட்டாராம். அவர் வழிதான் நாங்களாம். அதனால்தான் எங்கள் பெயரோடு லமார் வருகிறதாம். அப்பா சொன்னார், நீங்கள் நம்பினீர்கள். நான் நம்பவில்லை. கண்ணாடியில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த மூக்கு எங்கயிருந்து வந்தது, சொல்லு பாப்பம்" என்பீர்கள். "வெயில்ல தோல் உரிஞ்ச மூக்கு" என்பார் மச்சாள், கணவரென்றும் பாராமல்.

பங்குமனை அலுமாரியில் பழைய ஞானஸ்நானப் பதிவேடு இருப்பதை அறிந்த நாளிலிருந்து என்னை அரித்தெடுத்தீர்கள்.

"நீ சரித்திரம் படிச்சவள். ஒருக்கா வந்து வாசிச்சுச் சொல்லு."

"லீவு வரட்டும், அண்ணன்."

எத்தனையோ லீவு வந்தது. கடைசியில் தனியாகப் போனீர்கள். தெரியாத மொழியின் எழுத்துகளைப் படம் கீறுவதுபோல் பார்த்துப் பார்த்து ஒரே ஒரு பெயரை எழுதிக்கொண்டு வந்தீர்கள். லமார். "இப்ப என்ன சொல்லுறாய், ரீச்சர்?" மூலத்தைப் பார்க்காமல் பேசக்கூடாது என்பது என் படிப்பு. பார்க்கப் போகாதது என் சோம்பல்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் கேட்டது ஒன்றுதான். "கல்லறையில, பிரெஞ்சுப் படையாள் லமார் வழி எண்டு போட வேணும். நீ எழுதிக் குடு."

அந்த வாசகத்தை வாங்க நாளை பாலாவியிலிருந்து கல் வெட்டுபவர் வருகிறார். அதனால்தான் இன்று பங்குமனைக்குப் போனேன். பங்குச் சுவாமி விரலை வைத்து வாசித்தார். முதல் நிரலில் பிள்ளை. இரண்டாம் நிரலில் தகப்பன்: சந்தியாகு, மீன்பிடிக்காரர். மூன்றாம் நிரலில் ஞானத்தகப்பன்.

"உங்கட சிப்பாய் மூண்டாவதிலதான் நிக்கிறார், ரீச்சர்."

ஞானஸ்நானத்தில் பிள்ளையைக் கையில் ஏந்தியவர், அவ்வளவுதான். ஏந்தியவரின் பெயரையும் பிள்ளைக்குச் சேர்த்து இடுவது எங்கள் ஆட்களிடம் இன்றும் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் பிள்ளைகள் அதையே தகப்பன் வழிப் பெயராக்கிக்கொண்டார்கள். எதையும் சந்தேகப்படுகிறவள் என்று பெயர் எடுத்த எனக்கு இது ஒருநாளும் தோன்றவில்லை.

உங்கள் மேல் கோபம் வருகிறது. விரலை ஒரு நிரல் தள்ளி வைத்திருந்தால் போதும். பக்கத்தில் நான் நின்றிருந்தால் அதைத் தள்ளி வைத்திருப்பேன் என்று நினைத்ததும் அந்தக் கோபம் என் மேல் திரும்புகிறது. கல்லில் பொய் எழுத எனக்குக் கை வராது. நீங்கள் கடைசியாகக் கேட்டதை மறுக்கவும் மனம் வரவில்லை.

நேற்று இவ்வளவுதான் எழுதினேன். இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். கல் வெட்டுபவர் வருமுன் மச்சாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன்.

"ஒவ்வொரு ஆத்துமாக்கள் திருநாளுக்கும் அந்தச் சிப்பாய்க்கெண்டுதானே பூசை குடுத்தம். சந்தியாகுக்கு ஆர் குடுத்தது?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை."

"பாவம் மனுசன்."

கல் வெட்டுபவர் வந்து வாசகம் கேட்டார். மச்சாள்தான் சொன்னார். "பேரோட லமார் இருக்கட்டும். கீழ, சந்தியாகு வழி எண்டு போடுங்க." பிறகு என்னிடம், "அவர் கோவிச்சா நான் கதைக்கிறன். நீ எழுது" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். கல் வெட்டுபவர் பாலாவி பஸ்ஸுக்குப் போனதும், மச்சாள் குடையை எடுத்துக்கொண்டு சந்தியாகுக்குப் பூசை கேட்கப் பங்குமனைக்குப் புறப்பட்டார். நானும் கூடப் போனேன்.