பச்சைக் கட்டங்கள்

இன்று காலை ஒரு பழைய கணினியைத் துடைக்கத் திறந்தேன். சூட்டில் கருகிய தூசியின் மணம் எழுந்தது. மார்த்தாண்டத்தில் நம் கடையும், தகரக் கூரைக்குக் கீழே பக்கத் தகடு கழற்றிய உன் கணினியும், அதன்மேல் நீ திருப்பி வைத்த மேசை விசிறியும் கண்முன் வந்தன.

கல்யாண வீடியோ தொகுக்க நாம் இருவரும் கடை தொடங்கியது இரண்டாயிரத்து ஆறில். விலை கூடிய பிராசசர் வாங்க வழியில்லை. கேஷ் என்னும் உள்நினைவகம் குறைந்த மலிவான ஒன்றை வாங்கி, அதற்கு விதித்த அளவைத் தாண்டி கிளாக் வேகத்தை ஏற்றினாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"கேஷுன்னா அடுப்புப் பக்கத்துல கையெட்டுற தட்டு ஏட்டி. நம்ம தட்டு சின்னது. மத்ததுக்கெல்லாம் ஸ்டோர் ரூமுக்குப் போணும். நான் சமைக்கவளுக்க கைய வேகமாக்குதேன், அவ்வளவுதான்."

"கை எவ்வளவு வேகமானாலும் ஸ்டோர் ரூம் கிட்ட வராதே?"

நீ சிரித்தாய். ஆனால் அப்படித்தான் நடந்தது. சின்ன வேலைகள் பறந்தன. படத்தின்மேல் படமாக அடுக்கும் நீளமான கல்யாணம் வந்தால், நினைவகத்திலிருந்து தரவு வரும்வரை அது காத்துக் கிடந்தது. நீ விடவில்லை. இன்னும் வேகம், அதற்காக இன்னும் கொஞ்சம் வோல்டேஜ். சித்திரை வெயிலில் கூரை கொதித்தது.

"இது தாங்குமா?" என்றேன்.

"பேடிக்காத. தாங்கலைன்னா நின்னு போவும். அப்போ குறைச்சுக்கலாம்."

அது நின்றுபோகவே இல்லை.

மண்டைக்காட்டுப் பெண் ஒருத்தியின் கல்யாணத்தைக் கணினியில் ஏற்றிவிட்டு, வழக்கம்போல அதே டேப்பில் வேறொரு வீட்டு விசேஷத்தை எடுத்துவிட்டோம். சில வாரங்களில் அவளுடைய அப்பா இறந்துபோனார். அவர் வரும் இடங்களை மட்டும் முதலில் கேட்டு அவள் போன் செய்தாள். ஓடவிட்டுப் பார்த்தோம். மகளை ஆசீர்வதிக்கக் கை உயர்த்தும் அவர் முகம் முழுக்கப் பச்சைக் கட்டங்கள்.

"சூட்டுல இதுக்க கணக்கு தப்பியிருக்கு. தப்பிட்டுன்னு நம்மகிட்ட சொல்லவே இல்ல பாரு," என்றாய். உன் குரல் இறங்கியிருந்தது.

நீயே அவள் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னாய். அவள் திட்டவில்லை. "அப்பாக்க முகம் எங்கயாவது தெளிஞ்சு கெடக்குமா அக்கா?" என்று மட்டும் கேட்டாள். திரும்பி வந்து கிளாக்கைப் பழைய அளவுக்கு இறக்கிவிட்டு, ஒவ்வொரு படமாகத் தேடினாய். பந்தியில் யாருக்கோ இலை போடச் சொல்லி அவர் கைகாட்டும் சிறு துண்டு பழுதில்லாமல் கிடைத்தது. அதைக் கொடுத்தோம்.

அந்த நாட்களில்தான் ஒருமுறை மவுஸைக் "கரண்டி" என்றாய். இருவரும் சிரித்தோம். பிறகு சாவியைக் "குடை" என்றாய். களைப்பு என்று நினைத்துக்கொண்டோம். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, வேலை எப்போதும்போல நடந்தது. உன் கையெழுத்து கோணத் தொடங்கியதும் உன் அண்ணன் உன்னை நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். தலை ஸ்கேனில் தெரிந்த கட்டி அதற்குள் பெரிதாகிவிட்டிருந்தது.

படுக்கையில் ஒருநாள் என் பெயர் கிடைக்காமல் நெடுநேரம் தவித்தாய். பிறகு மெல்லச் சொன்னாய்: "உள்ள எல்லாம் இருக்கு. எடுக்கப் போனா வேற ஒண்ணு கையில வருது." கிறிஸ்துமஸுக்கு முன்பே உன்னை அடக்கம் செய்தோம்.

கடையை இன்றும் நடத்துகிறேன். தடங்கலில்லாமல் முடிந்த வேலைதான் என்னை அச்சுறுத்துகிறது. முழுவதையும் ஓடவிட்டு, ஒவ்வொரு முகத்தையும் பார்த்த பிறகே கொடுக்கிறேன். வீட்டில் பிள்ளைகள் பேச்சுவாக்கில் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னாலும் கைவேலையை நிறுத்திவிட்டு, அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்கிறேன். அவர்கள் சிரிக்கிறார்கள். சரியாகச் சொல்லும்வரை நான் மூச்சு விடுவதில்லை.