ஏறுவதற்கு எஞ்சின், இறங்குவதற்கு உன் அம்மா

மஞ்சக்குட்டை,
கார்த்திகை 20

அன்பு மகள் மேகலாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மாடு கன்றும் வாசலில் கழற்றிப் போட்ட பழைய எஞ்சினும் சுகமாக இருக்கிறோம், பூனாவில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் சின்னவரும் அப்படியே இருக்க சேர்வராயன் சாமி பார்த்துக்கொள்ளட்டும். போனில் சொன்னால் நான் பாதியை முழுங்கிவிடுவேனாம், நடந்ததை ஒளிக்காமல் எழுதச் சொல்லி உன் அம்மா பக்கத்திலேயே பூண்டு உரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

சங்கதி நம் ஜீப்புதான். தை மாதம் நீ பிரசவத்துக்கு வரும்போது சேலம் ஜங்ஷனிலிருந்து மலைக்கு நம் வண்டியிலேயே கூட்டிவர எனக்கு ஆசை. பழைய பெட்ரோல் எஞ்சின் நாலு மூட்டை காப்பி ஏற்றினாலே மூச்சு வாங்குகிறது, அதைத் தூக்கிவிட்டு டீசல் எஞ்சின் ஒன்றைப் போட்டேன், ஆர்.டி.ஓ. ஆபீசிலும் முறையாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேலை செய்தது பட்டறைக்கார ஜெப்சன், வெட்டு ஒட்டில் கெட்டிக்காரன், டீசல் அவனுக்கும் புதுசு. புது எஞ்சினை வண்டிக்குள் இறக்கினால் காற்று உள்ளே போகிற குழாய், மேனிஃபோல்டு என்பார்கள், ஸ்டியரிங் ராடில் இடித்தது. ஜெப்சன் அதை அறுத்து வாயை மேலே திருப்பி வெல்டிங் வைத்தான். பழைய எஞ்சினில் அந்தக் குழாயிலிருந்து பிரேக்குக்கு ஒரு ரப்பர் டியூப் போகும், அது உறிஞ்சுவதால்தான் மிதிக்க லேசாக இருக்கும். இதிலும் ஒரு மூக்கு வைத்து டியூபை மாட்டடா என்று சொன்ன மகாராசன் நான்தான்.

முதல் ஓட்டத்தில் ஏற்றமெல்லாம் மூன்றாம் கியரிலேயே ஏறியது, எனக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பி இறங்கும்போது பிரேக் கருங்கல்லாக இருக்கிறது கண்ணு. எழுந்து நின்று மிதித்து, கியரைக் குறைத்து, கடைசியில் ரோட்டோர மண்மேட்டில் முட்டித்தான் நிறுத்தினேன். பயப்படாதே, பம்பர் மட்டும் கோணல். ஊருக்கு வந்ததும் உன் அம்மா, "ஏனுங்க, ஏத்தத்துக்கு எஞ்சின் பாத்தீங்க, புள்ளைக்கு வலி கண்டா எறங்கித்தான ஆஸ்பத்திரிக்குப் போவோணும்?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. உன்னை ஏற்றிவருவதையே நினைத்தவன் இறங்குவதை நினைக்கவே இல்லை. வாடகைக் கார்தான், இந்த ஜீப்பில் என் மகள் ஏற மாட்டாள் என்று அவள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

ஒரு வாரம் பிரேக் ஆயிலை மாற்றினோம், ஷூவை மாற்றினோம், ஒன்றும் நடக்கவில்லை. டீ கொண்டுவந்த உன் அம்மா இந்த டியூப் எதுக்குங்க என்றாள், உறிஞ்சுவதற்கு என்றேன். ஓடுகிற எஞ்சினிலிருந்து அதைப் பிடுங்கச் சொல்லி, அந்த மூக்கில் கட்டைவிரலை வைத்து, "நொம்ப நேரமா வெச்சிருக்கறேன், உறிஞ்சக் காணமுங்க" என்றாள். ஜெப்சன் தலையில் அடித்துக்கொண்டு யாருக்கோ போன் போட்டான். டீசலில் அந்தக் குழாய் உறிஞ்சவே உறிஞ்சாதாம், பிரேக்குக்கென்று டைனமோவின் பின்னால் தனி பம்பு வேண்டுமாம். முப்பது வருஷ டிரைவர் என்று முறுக்கிய மீசை அன்றைக்கு இறங்கியது. பம்பு வைத்த டைனமோவை மாட்டி, எஞ்சின் கனத்துக்கு முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் போட்டோம்.

நேற்று உன் அம்மா பின்சீட்டில், நீ உட்காரப்போகிற இடத்திலேயே, இரண்டு காப்பி மூட்டைகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தாள். குப்பனூர் இறக்கத்தில் வளைவுக்கு வளைவு நிறுத்துங்க என்பாள், நிறுத்துவேன், போங்க என்பாள். ஏழு இடத்தில் நிறுத்தவைத்தாள். அடிவாரத்தில் இறங்கிப் புடவையை உதறிக்கொண்டு, "புள்ளைக்கு எழுதிப்போடுங்க, காரு வேண்டாம்னு" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, தூசி என்று சமாளித்தேன்.

ரயிலில் கீழ் பர்த்தாகப் பார்த்துப் போட மாப்பிள்ளையிடம் சொல், மாத்திரையை மறக்காதே சாமி. தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருக்க எங்கள் ஆசீர்வாதம். இங்கே எந்நேரம் வலி எடுத்தாலும் அப்பா இருக்கிறேன், பிரேக்கும் இருக்கிறது.

அன்புடன் அப்பா,
தனபால்