குளியல் தண்ணீருக்கும் முறை வைத்தவருக்கு

மாமா,

இன்று காலை கொல்லைப் பக்கம் ஒரு பைப் விரிசல் விட்டிருந்தது. கடையிலிருந்து வளைவுக்கு எல்போ ஒன்றும் பைப் ஒட்டுகிற சொல்யூஷன் டப்பாவும் எடுத்துவந்து நானே ஒட்டினேன். அந்த வாடை விரலில் ஏறினால் எத்தனை சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. மதியம் சோற்றைப் பிசையும்போதும் அடித்தது. "மருமவ கையில சாம்பார் மணக்கும்னு பாத்தா பஞ்சர் கடை மணக்குது" என்று நீங்கள் ஒருநாள் சொன்னது ஞாபகம் வந்தது. அன்றைக்கு எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இன்றைக்குத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது, சண்டை போடவும் வீட்டில் ஆளில்லை.

புதுக்கோட்டைப் பக்கம் வானம் பார்த்த ஊரிலிருந்து காவேரிப் பக்கம் பாபநாசத்துக்கு வாக்கப்பட்டு வந்தவள் நான். வந்த புதிதில் என்னைத் திகைக்க வைத்தது இங்கே தண்ணீர்த் தொட்டி நிறைவதைத் தெரிந்துகொள்ளும் விதம்தான். மோட்டாரைப் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். மாடியிலிருந்து தண்ணீர் வழிந்து கீழே தகரக் கூரையில் தடதடவென்று விழுந்தால் தொட்டி நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறமும் ஆற அமர வந்து அணைப்பார்கள். எங்கள் வீடு என்றில்லை, தெருவில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். நான் முதல் சொட்டுக்கே ஓடிப்போய் அணைப்பேன். "புதுக்கோட்டைக்காரி தண்ணியக் கண்டா டம்ளர்ல அளப்பா" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தீர்கள்.

உங்களுக்குக் காலையில் ஒரு குளியல், சாயங்காலம் ஒரு குளியல். குடமுருட்டியில் தண்ணீர் ஓடும் மாதங்களில் ஆற்றில். இல்லாத மாதங்களில் வீட்டுக் குளியலறையில், வாளி வாளியாக, ஆறு கொஞ்ச நேரம் வீட்டுக்குள் வந்துவிட்டதோ என்று நினைக்கும்படி. காய்ச்சல் கண்டாலும் விடமாட்டீர்கள். குளிக்காமல் காபி டம்ளரைக்கூடத் தொட்டதில்லை. அத்தை இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான் என்று உங்கள் மகன் சொல்வார். அத்தை போன பிறகு, உங்கள் மகனும் மஸ்கட்டில், பேரன் திருச்சி ஹாஸ்டலில் என்று ஆனபின் அந்தப் பெரிய வீட்டில் நாம் இரண்டு பேர்தான். நான் கடைத்தெருவில் பைப் கடை வேலைக்குப் போனதும் அப்போதுதான். போக வேண்டாம் என்று நீங்கள் சொல்லவில்லை. ஆனால் தினமும் ஏதாவது கிண்டல் செய்யாமலும் இருந்ததில்லை.

நீங்கள் போவதற்கு முந்தின வருடம் மேட்டூர் அணை திறப்பது தள்ளிக்கொண்டே போனது. வாய்க்கால் காய்ந்து, ஆட்டுக்குட்டிகள் அதில் படுத்துக் கிடந்தன. குறுவை இல்லை என்று ஆகிவிட்டது. வைகாசி முடிவதற்குள் நம் வீட்டு போர்வெல்லிலும் தண்ணீர் கீழே போய்விட்டது. கால் மணி நேரம் ஓடியதும் மோட்டார் சத்தம் மாறும், இருமுகிற மாதிரி. உடனே நீங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள். பழைய போரை விட்டுவிட்டு, முந்நூறு அடிக்குப் புதிதாக ஒன்று இறக்கி, உள்ளே மூழ்கும் மோட்டார் போட்டுவிடுவது என்று.

நான் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். மல்லிகா அக்கா வீட்டில் மோட்டார் கிடையாது. தையல் மெஷினை மிதித்துப் பிழைக்கிறவள். கொல்லையில் ஒரு அடிபம்பு, உள்ளே படுத்த படுக்கையாக அவள் அம்மா. அந்தக் கிழவியைத் துடைத்து, துணி அலசி எடுக்க அந்தப் பம்பு ஒன்றுதான் கதி. கீழத்தெருவில் ஒருவர் ஆழத்துக்கு போர் இறக்கிய பத்தாம் நாள் பக்கத்து வீட்டு அடிபம்புகள் எல்லாம் வெறும் காற்றைத்தான் துப்பின. அது உங்களுக்கும் தெரியும்.

"மாமா, ஆத்துல தண்ணி வர்ற வரைக்கும் பொறுங்க. இருக்கிற தண்ணியிலயே நான் ஓட்டிக் காட்டுறேன்" என்றேன்.

"காவேரிக் கரையில பொறந்தவன், என் வீட்டுலயே எனக்குத் தண்ணிய அளந்து ஊத்துவியா?"

"அளக்க மாட்டேன். வீணாப் போறத மட்டும் நிறுத்துறேன்."

நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டீர்கள். அப்புறம், "சரி, பாப்போம். ஆனா ஒரே ஒரு தடவ தண்ணியில்லாம மோட்டார் காத்து இழுக்கட்டும், மறுநாளே போர் வண்டி வாசல்ல நிக்கும். அப்ப நீ வாயத் தொறக்கக் கூடாது" என்றீர்கள். நான் ஒப்புக்கொண்டேன்.

முதலில் தொட்டிக்கு ஒரு ஆட்டோமேட்டிக் சுவிட்ச் மாட்டினேன். தண்ணீர் மேலே வந்ததும் மோட்டார் தானே நின்றுவிடும், வழியாது. தகரத்தில் சத்தம் கேட்காமல் உங்களுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. தொட்டி நிறைந்ததா இல்லையா என்று இரண்டு தடவை மாடி ஏறிப் போய்ப் பார்த்தீர்கள். அடுத்து ஃபிளஷ் தொட்டியில் ஒரு கரண்டி மஞ்சள்தூளைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். யாரும் தண்ணீர் விடாமலே அரைமணியில் கீழே பீங்கான் மஞ்சளாகியிருந்தது. இரவும் பகலும் சத்தமில்லாமல் ஒழுகிக்கொண்டே இருந்திருக்கிறது. "கக்கூசுக்கு மஞ்சத் தண்ணி ஊத்தி விழா எடுக்கிற மொத ஆளு நீதான்" என்றீர்கள். வாஷரை மாற்றியதும் ஒழுகல் நின்றது.

குழாய்களின் வாயில் திருகும் சின்ன சல்லடை மூடிகள் கொண்டுவந்து மாட்டினேன். காற்றைக் கலந்து விடுவதால் பாதித் தண்ணீரிலேயே கை நிறையக் கழுவலாம். அதைத்தான் உங்களால் தாங்க முடியவில்லை. "இது என்னம்மா, பூனை மூத்திரம் மாதிரி வருது." நான் கடைக்குப் போனதும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வீர்கள். நான் வந்து பையிலிருந்து எடுத்து மறுபடி மாட்டுவேன். மூன்று நாள் இப்படியே போனது. நாலாம் நாள் நீங்கள் விட்டுவிட்டீர்கள், அலுத்துப்போய்த்தான்.

வெந்நீருக்காக மாடியில் கறுப்பு ஹோஸைச் சுருட்டி வெயிலில் போட்டுக் குளியலறைக் குழாயோடு இணைத்தேன். மாலை நான்கு மணிக்குத் திறந்தால் கை பொறுக்காத சூடு. ஹீட்டர் சுவிட்சைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. இது ஒன்றை மட்டும் எதிர்ப்பே இல்லாமல் ஏற்றுக்கொண்டீர்கள். "சூரிய பகவானே வெந்நீர் போட்டுக் குடுக்கிறாரு" என்று தெருவில் பெருமை வேறு. மாலைக் குளியல் ஆறு மணியிலிருந்து நான்குக்கு மாறியது. வாளிகளும் ஆறிலிருந்து மூன்றாகக் குறைந்தன. அதை நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கடைசியாக, குளியலறையிலும் வாஷிங் மெஷினிலும் இருந்து சாக்கடைக்குப் போன தண்ணீரைக் கொல்லைக்குத் திருப்பினேன். ஒரு குழியில் ஜல்லியும் மணலும் நிரப்பி, மேலே கல்வாழை நட்டு, அதில் வடிகட்டி வாழைக்குப் போகும்படி பைப் இறக்கினேன். அதுவரை என் வேலையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நீங்கள் அன்று எழுந்து வந்தீர்கள். வயல் தரிசாகக் கிடக்க, மாதக்கணக்கில் மண்வெட்டியைத் தொடாத கை உங்களுடையது. கண்ணெதிரே ஓடும் தண்ணீரைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்குமா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் குளியலறையில் தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தேன். கால் பாதம் நனைந்தது, கணுக்கால் நனைந்தது, தண்ணீர் இறங்குவதாகத் தெரியவில்லை. சீயக்காய் கண்ணில் எரிய, "மாமா! உள்ள தண்ணி ஏறுது!" என்று கத்தினேன்.

வெளியிலிருந்து நிதானமாக உங்கள் குரல் வந்தது. "செத்த பொறும்மா. இன்னிக்குத் தென்னைக்கு முறை. வாய்க்கா வெட்டி முடியட்டும், தொறந்து விடுறேன்."

வாழைக்குப் போய்விடக் கூடாது என்று பைப் வாயில் சாக்கைச் சுருட்டி அடைத்துவிட்டு, நீங்கள் பாட்டுக்குத் தென்னைக்கு வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தீர்கள். ஆற்றுத் தண்ணீர் குறைந்தால் ஊருக்கு ஊர் முறை வைத்து விடுவார்களே, அதேபோல் கொல்லைக்கும் முறை போட்டிருந்தீர்கள். முதல் நாள் தென்னைக்கு, அடுத்து கறிவேப்பிலைக்கு, கடைசியில்தான் பைப்புக்குப் பக்கத்திலேயே இருக்கும் வாழைக்கு. நான் ஈரத் தலையோடு வந்து சண்டை போட்டேன். தூரத்துத் தென்னைக்கு ஏன் முதல் முறை என்றும் கேட்டேன். "நம்ம நிலம் வாய்க்காக் கடைசியில இருக்கும்மா. மேல இருக்கிறவன் எடுத்தது போக மிச்சம்தான் ஆயுசு பூரா நமக்கு. அந்த வயித்தெரிச்சல் எனக்குத் தெரியும்" என்றீர்கள். உள்ளே போய் மிச்சச் சீயக்காயை அலசினேன்.

ஆனி மாதக் கடைசியில் ஒருநாள் காலை, சைக்கிளை வேகமாக மிதித்து வந்து, "வாய்க்கால்ல தண்ணி வந்துட்டு!" என்றீர்கள். அன்று ஆற்றில் இறங்கியவர் கரையேறவே இல்லை, வெயில் ஏறும்வரை கிடந்தீர்கள். திரும்பி வந்து, "நீ சொன்னதச் செஞ்சுட்ட. போரும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்" என்றீர்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. அடுத்த வருடம் மார்கழியில் பத்தே நாள் படுக்கையில் கிடந்து நீங்கள் போன பிறகும் அந்த வெற்றிக் கதையை நான் விடவில்லை. கடைக்கு வருகிற பிளம்பர்களிடமும் வீடு கட்டுகிறவர்களிடமும் சொல்லிச் சொல்லி எனக்கு அது பாடமாகிவிட்டது. தண்ணீரின் அருமையே தெரியாத மனுஷன் எங்கள் மாமா, அவரையே வழிக்குக் கொண்டுவந்தேன் என்று ஆரம்பிப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள்.

போன வாரம் மல்லிகா அக்கா வீட்டு அடிபம்புக்கு வாஷர் மாற்றப் போனேன். வேலை முடிந்து டீ குடிக்கையில் அதே கதையை எடுத்தேன். அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"இனிமே ஒங்கிட்ட மறைக்க முடியாது. அந்த ஆனி மாசம் ஒங்க மோட்டார் காத்து இழுத்துச்சு. நீ கடைக்குப் போயிருந்த. ஒங்க மாமா ஓடிப்போய் அணைச்சுட்டு வேலிக்கிட்ட வந்து நின்னாரு. ரெண்டு வாளி தண்ணி குடு தாயி, காத்து போக மோட்டாருக்கு ஊத்தணும்னாரு. எங்க வீட்டுல அவரு கேட்டு வாங்கினது அது ஒண்ணுதான்."

"அப்புறம்?"

"அப்புறம் நாலு நாளு அவரு குளிக்கல. மத்தியானம் செத்த நேரம் மட்டும் மோட்டாரப் போடுவாரு. அந்தத் தண்ணி நீ வந்து பொழங்க இருக்கட்டும்னு விட்டுடுவாரு. துண்ட மட்டும் நனைச்சுப் பிழிஞ்சு கொடியில போட்டுட்டு, நெத்தி நெறைய விபூதிய பூசிக்கிட்டு உக்காந்துடுவாரு. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

"ஏன்க்கா?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'அவளுக்குத் தெரிஞ்சா, சொன்ன சொல்லுக்கு நான் வண்டிய வரச் சொல்லணும். வண்டி வந்தா ஒன் பம்பு நின்னுடும். இந்த வீட்டுக்கு வந்து இருவது வருஷத்துல அவ எங்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான்'னாரு."

அங்கேயே அழுதுவிட்டேன் மாமா. அந்த நான்கு நாளும் கடையிலிருந்து வந்ததும் வராததுமாக, "மோட்டார் எப்படி மாமா?" என்று கேட்டேனே. "கும்முனு இழுக்குதும்மா" என்றீர்களே. காபியை வாங்கிக் குடித்தீர்களே, குளிக்காமல். எனக்குக் கோபமும் வருகிறது. சொல்லியிருந்தால் நானும் குளிக்காமல் இருந்திருப்பேன். நான் புதுக்கோட்டைக்காரி, எனக்கு அது ஒன்றும் புதிதில்லை.

மஸ்கட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "எங்கப்பாவா? குளிக்காமயா?" என்று இரண்டு தடவை கேட்டார் உங்கள் மகன்.

அந்தக் கதையை ஊரெல்லாம் தப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். கேட்டுச் சிரித்துவிட்டுப் போனவர்களை இப்போது ஒவ்வொருவராகப் பிடித்து நிறுத்தி, நடந்தது அதுவல்ல என்று சொல்லிக்கொண்டு வருகிறேன். யாருக்கு என்ன அவசரமோ, பாதிப் பேர் முழுதாகக் கேட்பதுகூட இல்லை. கேட்கும்வரை விடுவதாயில்லை, மாமா. இன்னும் நிறையப் பேர் பாக்கி.