காலண்டரில் வந்த காளி

இன்று காலை கடையைத் திறந்து வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கும்போதே அச்சகத்துக்காரர் வந்துவிட்டார். மேசையில் மாதிரி ஆல்பத்தை விரித்தார். கயிற்று வாடை, தார்ப்பாய் வாடை எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு புது மையின் வாடை மூக்கில் ஏறியது.

"அண்ணாச்சி, புது வருஷக் காலண்டருக்கு முருகனா, லட்சுமியா?"

நான் எல்லாப் பக்கத்தையும் புரட்டிவிட்டு ரோஜாப்பூவின் மேல் விரலை வைத்தேன்.

"எல்லா வருஷமும் பூவேதானா?"

"பூன்னா யாரும் கடை ஏறி வந்து நியாயம் கேக்க மாட்டாவ" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. உமக்கு விளங்கியிருக்கும்.

நீர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தவரை உமக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. எதற்கு எழுத வேண்டும்? துறைமுகத்தில் கிரேனை விட்டு இறங்கினால் நேரே என் கடைக்குத்தான் வருவீர். தார்ப்பாய்ச் சுருளின் மேல் உட்கார்ந்து டீ குடித்தபடி, அடுத்த ஞாயிறு எந்த ஊரில் என்ன என்று பட்டியல் சொல்வீர். ஒரு வாரம் மாட்டு வண்டிப் பந்தயம், அடுத்த வாரம் கபடி, அதற்கடுத்து பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பிள்ளைகள் ஆட்டம். ஆகஸ்டு வந்தால் மாதா கோயில் திருவிழா. நீர் பூசை முடித்துவிட்டுக் கேமராப் பையோடு வந்து நிற்பீர். நான் பைக்கை எடுப்பேன்.

படம் எடுப்பது உம்முடைய வேலை. மொட்டை மாடி பிடிப்பது என் வேலை. நல்ல படத்துக்கு உயரம் வேண்டும் என்பீர். முன்பின் தெரியாத ஊரில் நம்மை யார் மாடி ஏற்றுவார்கள்? அங்கேதான் என் வாய் வேலை செய்யும். பழைய கயிற்றைச் சைக்கிளில் வைத்து விற்றுக் கடை போட்டவன் நான். ஒரு மாடிகூடப் பேசி வாங்க முடியாதா?

ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் ஒரு பந்தயத்துக்குப் போனோமே, ஞாபகம் இருக்கும். எல்லைக்கோட்டுக்கு எதிரே ஒரே ஒரு மச்சு வீடு. வீட்டுக்காரம்மா கதவைப் பாதிதான் திறந்தாள்.

"தேர்தல் ஆளுகளா? போன தடவை ஏறுனவன் வத்தலை மிதிச்சுட்டுப் போயிட்டான்."

"தாயி, உங்க தார்ப்பாய் கிழிஞ்சு தொங்குது. மழை வந்தா யாரும் மிதிக்காமலே வத்தல் போயிரும். அடுத்த வாரம் நல்லதா ஒண்ணு கொண்டாரேன். இப்பக் கொஞ்ச நேரம் மாடி வேணும்."

ஏற்றிவிட்டாள். நீர் செருப்பைக் கீழேயே கழற்றிப் போட்டுவிட்டு, வத்தலுக்கு நடுவில் கொக்கு மாதிரி கால் வைத்து நடந்தீர். வண்டிகள் எல்லையைத் தாண்டியபோது ஊரே கூத்தாடியது. நீரோ மாட்டை விட்டுவிட்டு, ஜெயித்த மாட்டுக்காரர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பெண்டாட்டிக்குப் போன் போடுவதை எடுத்தீர். "மாடு ஓடுறதை யாரும் எடுப்பான்வே. அந்த ஆளு அழுதுக்கிட்டே 'குழம்பு வையி, வாரேன்'னு சொன்னதைப் பாத்தீரா?" என்று கேட்டீர். நான் பார்க்கவில்லை. மாட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் புதுத் தார்ப்பாயை நான் மறந்துபோனாலும் நீர் விடவில்லை. பைக்கில் கட்டி வைத்து, "வாரும், சொன்ன சொல்லு" என்று கிளப்பினீர்.

இப்படி இருந்த உம்மிடம்தான் நான் பொய் சொன்னேன்.

சுடலைமுத்து உப்பு லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர். தசராவுக்கு மாலை போட்டு விரதமிருந்து, குலசை அம்மன் கோயிலில் கொடி ஏறியதும் காப்புக் கட்டிக் காளி வேஷம் போடுவார். காப்புக் கட்டிவிட்டால் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். வயதில் மூத்தவர்கள்கூட அவர் காலில் விழுந்து குங்குமம் வாங்குவார்கள். திருவிழா முடிந்து காப்பை அவிழ்த்துக் கடலில் முங்கி எழுந்தால் மறுபடியும் சுடலைமுத்து. மறுநாள் மூட்டை.

அந்த வருஷம் அவர் குழுவோடு உப்பளத்துப் பக்கம் காணிக்கைக்கு வந்திருந்தார். தாகம் என்று கோரைப்பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உப்புக் குவியலுக்கு முன்னால் நின்றார். பின்னால் முழுக்க வெள்ளை. முன்னால் சிவப்புச் சேலை, கிரீடம், நெற்றியில் வழிகிற வேர்வை. யாரோ கூப்பிடத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நீர் பிடித்துவிட்டீர். உம்முடைய படங்களிலேயே சிறந்தது அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

எனக்கு வியாபார மூளை. வடக்கே அச்சடித்த அதே முருகனை ஊரெல்லாம் மாட்டிக்கொண்டிருக்கும்போது, நம்ம மண்ணின் அம்மன் நம்ம கடைப் பேரோடு வந்தால் எப்படி இருக்கும்! உம்மிடம் கேட்டேன்.

"தாரேன். ஆனா சுடலைகிட்டக் கேட்டுட்டுப் போடும்."

நாலு நாள் கழித்து, "கேட்டீரா?" என்றீர். "கேட்டாச்சு" என்றேன். கேட்கவில்லை. கேட்டால் மறுத்துவிடுவாரோ என்ற பயம்கூட இல்லை. மூட்டை தூக்குகிறவரிடம் போய் என்ன கேட்பது என்ற நினைப்புத்தான். அதை இங்கே மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஐநூறு காலண்டரும் பொங்கலுக்கு முன்பே காலி. லாரி செட், டீக்கடை, உப்பளத்து ஆட்கள் வீடு என்று எங்கே பார்த்தாலும் நம்ம காளி. சாமி படம் வந்தால் சும்மா விடுவார்களா? பொட்டு வைத்தார்கள், பூ வைத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு பிற்பகல் நீர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சுடலை படியேறி வந்தார். நடை தளர்ந்திருந்தது. தலையில் கட்டுகிற துண்டைக் கையில் சுருட்டி வைத்திருந்தார்.

"அண்ணாச்சி, நான் பத்து நாளுதான் அம்மன். நீங்க என்னை வருஷம் முழுக்க அம்மனாக்கிப் போட்டீங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"மேஸ்திரி எனக்கு மூட்டை தர மாட்டேங்காரு. 'என் பொண்டாட்டி எனக்குச் சோறு போடுததுக்கு முன்னால உனக்கு விளக்கு ஏத்துதா. உன் தலையில நான் மூட்டை ஏத்தணுமா? எனக்கு ஏதாவது ஆச்சுன்னா?'ங்காரு. முதல்ல கேலியாத்தான் சொன்னாவ. இப்ப ஒருத்தனும் என் கூடச் சோடி சேர மாட்டேங்கான். வீட்டுல மீன் கிடையாது. காப்பு அவுத்து மூணு மாசமாச்சு, காலண்டர் வந்ததுலருந்து மறுபடியும் சாம்பாருதான். சாளை வாங்கிட்டுப் போனா, 'அங்கன பூ வச்சிருக்காவ, இங்கன நீரு முள்ளைத் துப்புவீரோ'ன்னு பொண்டாட்டி கேக்கா. மாமியா மட்டும் திட்டுறதை நிறுத்திட்டா. அது ஒண்ணுதான் லாபம்."

கையிலிருந்த துண்டை அவிழ்த்து மறுபடியும் சுருட்டினார். பிறகு மெதுவாக, "எனக்கே பயமா இருக்கு அண்ணாச்சி. அத்தனை வீட்டுல கும்பிடுதாவ. நான் ஒரு கெட்ட வார்த்தை பேசுனாலும் அது யார் வாயில வருது?" என்றார்.

நீர் டீ கிளாசைக் கீழே வைத்தீர். "சுடலை, உம்மகிட்ட இவரு கேக்கலையா?"

"எதை?"

நீர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பார்க்கக்கூட இல்லை. பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டீர்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. மூன்றாவது வாரம் நானே உம் வீட்டுக்கு வந்தேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாத வாய், "கோயில் பூசாரியைப் பாத்தேன்" என்று ஆரம்பித்தது. "கும்பிட்ட படத்தைக் கிழிக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாதாம். திரும்ப வாங்கி, நனைச்சு, வேப்பமரத்தடியில புதைக்கச் சொல்லுதாரு. ஆனா வீட்டுல மாட்டுன அம்மனை எவன்வே திருப்பித் தருவான்? பூக் காலண்டர் கொடுத்துப் பாத்தேன். ஒருத்தரும் மசியலை."

நீர் கேமராப் பையை எடுத்து மடியில் வைத்தீர். "படத்துக்குப் படம்தான் கொடுக்கணும். அவங்கவங்க குடும்பப் படத்தை" என்றீர்.

அப்படித்தான் நாம் தெருத் தெருவாகக் கிளம்பினோம். முதல் வீடே மேஸ்திரி வீடு. அவர் மனைவி இடுப்பில் கைவைத்து வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"சாமியைக் கொடுத்துட்டு நீங்க எடுக்குற போட்டாவை வாங்கணுமாக்கும்? நல்ல யாவாரி அண்ணாச்சி நீங்க!"

நான் வாயைத் திறப்பதற்குள் நீர் முந்திக்கொண்டீர். "தாயி, அந்தப் படத்துல இருக்குற ஆளு மாசக்கணக்கா மீன் சாப்பிடலை. வேலையும் இல்லை. அம்மன் அப்படிச் செய்யச் சொல்லுவாளா?"

அவள் உள்ளே போனாள். கற்பூரம் காட்டுகிற வாசம் வந்தது. கொஞ்ச நேரத்தில் பட்டுச்சேலை கட்டி, காலண்டரை மஞ்சள் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். "ஏலே, எல்லாரும் வாங்க. இவரையும் கூப்பிடுங்க, சட்டை போடச் சொல்லுங்க" என்று குரல் கொடுத்தாள். அதட்டித் திரியும் அந்த மேஸ்திரி கேமராவுக்கு முன்னால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைத்து நின்றதைப் பார்த்து நீர் சிரித்தீர். சுடலை கடைக்கு வந்த நாளுக்குப் பிறகு உம் சிரிப்பைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

பங்குனி முடியும்வரை அலைந்தோம். ஒவ்வொரு வாசலிலும் ஒரு குடும்பம். சிலர் ஆட்டுக்குட்டியோடு நின்றார்கள். ஒருவர் வாங்கி ஒரு வாரமான டிவியைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தார். நூறு திருவிழா எடுத்த நீர், இதுதான் பெரிய திருவிழா என்றீர். அந்தப் படங்கள் இன்றைக்கும் அந்த வீடுகளில் தொங்குகின்றன. காலண்டர்களில் இருபது முப்பது கைக்கு வரவில்லை. எங்கே போயிற்றோ, தெரியாது.

வேப்பமரத்தடியில் புதைத்த அன்று சுடலை கடலில் முங்கி எழுந்து வந்தார். உம் வீட்டில்தான் சாப்பாடு. உம் மனைவி சாளை பொரித்து வைத்திருந்தார். முதல் துண்டை வாயில் போட்டதும் சுடலை கண்ணை மூடிக்கொண்டார். உம் கேமரா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நீர் தொடவில்லை. மறுவாரம் அவர் தலையில் மூட்டை ஏறியது.

அடுத்த ஞாயிறு பைக்கில் ஏறும்போது என் தோளில் ஒரு தட்டு தட்டினீர். "இனிமே மாடி பிடிக்கதோட நிக்காதேயும். யாரைப் படம் எடுக்கணுமோ அவங்ககிட்ட முன்னாடி போய்க் கேக்கதும் உம்ம வேலை." தண்டனையாகத்தான் கொடுத்தீர். அதன் பிறகு உம் கடைசி ஞாயிறு வரை எல்லா ஊரிலும் உமக்கு முன்னால் நான் நடந்தேன். கரகம் ஆடுகிற பெண்ணிடம் கேட்டேன். கபடியில் தோற்று மண்ணில் கிடந்த பையனிடம் கேட்டேன். படகுப் போட்டியில் துடுப்பு ஒடிந்த பெரியவரிடம் கேட்டேன். பாதிப் பேர் சரி என்பார்கள். மீதிப் பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஏன் வேண்டாம் என்று ஒரு கதை சொல்வார்கள். நாற்பது வருஷம் இந்த ஊரில் கடை வைத்திருந்தும் எனக்குத் தெரியாத கதைகள் அவை.

உம் கேமரா இப்போது உம் மகளிடம் இருக்கிறது. சரியான கைதான். "மாமா, மாடி ரெடியா?" என்று சனிக்கிழமையே போன் வந்துவிடும். உம்மைவிடப் பொறுமை குறைவு, கண் கூர்மை. மூட்டுவலியோடு நானும் படி ஏறுகிறேன்.

சுடலை அந்தக் காலண்டருக்குப் பிறகு காளி வேஷம் போடவே இல்லை. குரங்கு போட்டார், போலீஸ் போட்டார். "போலீசை யாரும் கும்பிட மாட்டான்லா" என்பார். இந்தத் தசராவுக்கு, மகளுக்குப் பிள்ளைவரம் வேண்டி, மறுபடியும் காளியாக வந்தார். உம் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் அவர் முன்னால் போய்க் கைகூப்பி, "தாயே, ஒரு படம் எடுக்கலாமா?" என்று கேட்டேன். கிரீடம் இடமும் வலமும் அசைந்தது. உம் மகள் கேமராவை இறக்கிக்கொண்டாள். குங்குமம் வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

திருவிழா முடிந்து நாலாம் நாள் சுடலை வெள்ளைச் சட்டையில் மனைவியையும் மகளையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். எனக்குச் சந்தோஷம். உம் மகளுக்குப் போன் போட்டு வரவழைத்து, தார்ப்பாய்ச் சுருளை நகர்த்தி, வெளிச்சம் பார்த்து, ஆளுக்கொரு இடம் காட்டி நிறுத்தினேன். "எடு தாயி" என்றேன்.

சுடலை கையை உயர்த்தித் தடுத்தார்.

"அண்ணாச்சி, நீங்க இன்னும் கேக்கலையே?"

"நீருதானே வந்தீரு!"

"நானா வந்தாலும் கேக்கணும்லா?"

உம் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் துண்டைத் தோளிலிருந்து இறக்கிவிட்டுக் கேட்டேன். அவரிடம் கேட்டேன், அவர் மனைவியிடம் கேட்டேன், மகளிடமும் மருமகனிடமும் தனித்தனியாகக் கேட்டேன். நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சுடலை சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "ம், இப்ப எடுங்க" என்றார்.