அழைத்தால் வருவோம்

ஜூன் 3, திங்கள்

கடையில் கூட்டம் இல்லை. காலையில் இரண்டு லென்ஸ் தேய்த்துப் பொருத்தினேன், ஒருவருடைய கண்ணாடிக்கு உடைந்த கால் மாற்றிக் கொடுத்தேன். அப்புறம் முதலாளி, போன வருஷம் கண்ணாடி வாங்கினவர்கள் எல்லாருக்கும் தள்ளுபடி மெசேஜ் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்.

வீட்டுக்குள் நுழையும்போது அம்மா தம்பியின் போனில் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வைத்துவிட்டாள்.

"யாரும்மா?"

"ராங் நம்பர்."

ராங் நம்பர்காரனிடம் யாராவது "சரிப்பா, சாயங்காலம் சொல்றேன்"னு சொல்லி வைப்பாங்களா?

தம்பி வேலைக்குப் போகும் வழியில் லாரி மோதிச் செத்து ஏழு மாசம் ஆகிறது. அந்த நம்பரை நிறுத்த அம்மா விடவில்லை. நான்தான் ரீசார்ஜ் செய்கிறேன். வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர். இதுக்கும் சண்டை போட்டால் யாரோடு பேசுவது என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 5, புதன்

மழை. பஸ் கிடைக்காமல் நடந்தே வந்தேன். செருப்பு அறுந்தது.

ஜூன் 7, வெள்ளி



சாயங்காலம் கதவைத் தட்டினார்கள். நாற்பது வயசிருக்கும், சட்டையெல்லாம் மாவு. பேக்கரியில் வேலை செய்கிறவராம். வேர்த்து ஊற்றியது.

"தம்பி வந்துட்டாங்களா?"

"எந்தத் தம்பி?"

பேரைச் சொன்னார். இந்த வாசலில் ஏழு மாசமாக யாரும் சொல்லாத பேர்.

"மத்தியானம் போன் பண்ணேன் தங்கச்சி. அம்மாதான் எடுத்தாங்க. வேலைக்குப் போயிருக்கான், வந்ததும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புறேன்னாங்க. பிரசவத்துல என் பொண்டாட்டிக்கு ரத்தம் நிக்கல. அவ குரூப் எங்கயும் கிடைக்கல. ஆஸ்பத்திரி கேட்லயே நின்னு பாத்தேன். அப்புறம்தான் ரத்தம் குடுக்குறவங்க லிஸ்ட்ல அட்ரஸும் இருக்கேன்னு ஓடி வந்தேன்."

நகர்ந்து நின்றேன். பின்னால் சுவரில் அவன் படம். கீழே இரண்டு தேதி. அவர் படத்தைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மன்னிச்சுக்கோங்கம்மா," என்றார். அவர் எங்கள்கிட்ட மன்னிப்புக் கேட்கிறார்! கேட்டுவிட்டு படியில் ஓடினார்.

அம்மா சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். நான் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது.

"ஏம்மா பொய் சொன்ன? அங்க ஒருத்தி உசுருக்கு இழுத்துக்கிட்டு கெடக்கா!"

"பொய் சொல்லணும்னு சொல்லலடி. அவங்க கேக்குறாங்க, இருக்காரான்னு. இருக்கான்னு வாயில வந்துடுது."

எத்தனை பேரிடம் இப்படிச் சொல்லியிருக்கிறாள்? கேட்கப் பயமாக இருக்கிறது.

ஜூன் 8, சனி

அரைநாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிரசவ வார்டு வராண்டாவில் பேக்கரிக்காரர் உட்கார்ந்திருந்தார். யாரோ ஒரு காலேஜ் பெண் வந்து ரத்தம் கொடுத்தாளாம். மனைவி பிழைத்துவிட்டாள். குழந்தையும் நலம். உட்கார்ந்து அழுதேன். முன்பின் தெரியாத மனுஷன், தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

லிஸ்ட் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். போனில் எடுத்துக் காட்டினார்.

தம்பி சேர்ந்திருந்த இளைஞர் சேவைக் குழுவின் இணையப் பக்கம். மேலே கொட்டை எழுத்தில் "அழைத்தால் வருவோம்". கீழே ஆயிரம் பேருக்கு மேல். பேர், வயசு, ரத்தப் பிரிவு, போன் நம்பர், வேலை செய்யும் இடம், வீட்டு விலாசம், கதவு எண் உட்பட. பாஸ்வேர்டு கிடையாது, பூட்டு கிடையாது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பொண்ணுங்க விலாசம்கூட! எந்த வீட்டில் எந்த வயசில் பெண் இருக்கிறாள் என்று நோட்டீஸ் அடித்து ஒட்டின மாதிரி.

அதில் என் தம்பியும் இருக்கிறான். வயசு 23. "தயார் நிலையில்" என்று பக்கத்தில் பச்சைப் புள்ளி.

அவன் செத்தது இவங்களுக்குத் தெரியாதா? அவனை எடுத்த அன்று பேனரோடு வந்தாங்களே. வரிசையாக நின்று போட்டோ எடுத்தாங்களே. அதைப் போட்டு எத்தனை பேர் கைதட்டினார்கள் என்று எண்ணத் தெரிந்தது, ஒரு பேரை எடுக்கத் தெரியவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

குழுவின் அலுவலகத்துக்குப் போனேன். ஜெராக்ஸ் கடைக்கு மேல் ஒரே அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள், கேடயங்கள், சுவரெல்லாம் அவர்கள் முகமே. தலைவருக்கு இருபத்தைந்து இருக்கும். தம்பி அவனை "மைக்கு" என்றுதான் சொல்லுவான். எங்கே மைக் கிடைத்தாலும் விடமாட்டானாம். மைக் இல்லாமலும் அப்படித்தான் பேசுகிறான்.

"அக்கா, உக்காருங்கக்கா. உங்க தம்பி எங்களுக்கு ஒரு தூண்."

"தூணை லிஸ்ட்லேந்து எடுங்க."

"எடுத்துடலாம்கா. ஆனா ஒரு ரூல் இருக்கு. உறுப்பினரே நேர்ல வந்து எழுதிக் குடுக்கணும்."

"யாரு?"

"உறுப்பினர்."

அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. கழுத்து வரை சிவந்தான். நான் விடவில்லை.

"அவனை எங்கேந்து கூட்டிட்டு வரணும்? நீயே போய்க் கூப்பிடு. அழைத்தால் வருவோம்னுதானே போட்டிருக்க?"

அடுத்து வேறு பாட்டு. பக்கத்தைச் செய்த பையன் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டானாம். பாஸ்வேர்டு அவனிடம்தானாம். போன் போட்டால் எடுப்பதில்லையாம்.

"விலாசத்தை ஏன் போட்டீங்க? அவசரத்துக்குன்னு சொல்லித்தானே வாங்குனீங்க? அவனுக்கு ஏதாச்சும்னா வீட்டுக்குச் சொல்ல."

"ரத்தமும் அவசரம்தானேக்கா."

கையில் இருந்த பையை அவன் மேல் எறியாமல் இருந்தது எங்க அப்பா செஞ்ச புண்ணியம்.

கிளம்பும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "பேரு இருந்துட்டுப் போகட்டுமேக்கா. அவருக்கு ஒரு மரியாதைதானே." ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை! ஆயிரத்துக்கு மேல் செயல்வீரர்கள் என்று அவன் பின்னால் பேனர் தொங்குகிறது. ஒரு பேர் குறைந்தால் பேனர் குறையும். அதுதான் மரியாதை.

ஜூன் 12, புதன்

அம்மாவிடம் சொன்னேன், லிஸ்டிலிருந்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன் என்று.

"எடுக்காத."

"என்னம்மா சொல்ற?"

"உனக்கு வேற வேலையே இல்லையா? அவன்பாட்டுக்கு இருந்துட்டுப் போறான்."

சாப்பிடாமல் படுத்தேன். அவளும்தான்.

ஜூன் 15, சனி

மைக்குக்கு தினம் போன் செய்கிறேன். கிணற்றில் போட்ட கல்.

நான் ஒருத்தி கத்தினால் பைத்தியம் என்பான். லிஸ்டில் இருக்கிற மற்றவர்களுக்குத் தெரியுமா என்று, வரிசையாக நம்பர் போட்டுப் பேச ஆரம்பித்தேன். மூன்றாவது போனிலேயே எனக்கு உறுத்தியது. முன்பின் தெரியாதவர்களை இந்த லிஸ்டைப் பார்த்துத்தானே நானும் கூப்பிடுகிறேன்? மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் ஒவ்வொருத்தரிடமும் பேச்சைத் தொடங்கினேன்.

நர்சிங் படிக்கும் ஒரு பெண். நான் பேசத் தொடங்கியதும் வெட்டினாள்: "ரத்தம் வேணுமா, போட்டோ வேணுமா, முதல்லயே சொல்லிடுங்க." திகைத்துப் போனேன். ரத்தம் என்று ஆரம்பித்து அசிங்கத்தில் முடிக்கிறவர்கள் நிறையப் பேராம். ஒருத்தன் ஹாஸ்டல் வாசலுக்கே வந்துவிட்டான். ஹாஸ்டல் மாறிவிட்டாள், லிஸ்ட் மாறவில்லை. நான்கு முறை எழுதிக் கேட்டிருக்கிறாள். "சேவைன்னு வந்துட்டா இதெல்லாம் பொறுத்துக்கணும் சிஸ்டர்" என்று பதில் வந்ததாம்.

இன்னொரு நம்பரை எடுத்தவர் ஓய்வு பெற்ற தபால்காரர். யாரோ ஒரு பையனின் பழைய நம்பர் அவருக்கு வந்திருக்கிறது. "அம்மா, எனக்கு சர்க்கரை, ரத்த அழுத்தம், மூல வியாதி எல்லாம் இருக்கு. என் ரத்தத்தை எவனும் வாங்கமாட்டான். இதை இதுவரைக்கும் ஊருல பாதிப் பேர்கிட்ட சொல்லிட்டேன்," என்றார். பல நாள் கழித்துச் சிரித்தேன்.

ஜூன் 22, சனி

நகர மண்டபத்தில் குழுவுக்குப் புது ஆள் சேர்க்கும் கூட்டம். நானும் நர்சிங் பெண்ணும் தபால்காரரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். அவர் இஸ்திரி போட்ட சட்டையில், கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி வந்திருந்தார்.

மைக்கு மேடையில் முழங்கினான். சமுதாயம், தியாகம், இளரத்தம். கேள்வி உண்டா என்றான்.

நான் எழுந்தேன். "என் தம்பி செத்துட்டான்" என்பது மட்டும்தான் வந்தது. "லிஸ்ட்ல இன்னும் பச்சைப் புள்ளி எரியுது."

"அக்கா, இதை அப்புறம் தனியா..."

நர்சிங் பெண் நடந்து போய் அவன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். மைக்கு மைக்கை இழந்து நின்றதைத் தம்பி பார்த்திருக்கணும். அவள் கத்தவில்லை. தனக்கு வந்த மெசேஜ்களைப் படித்தாள், அவ்வளவுதான். நாலாவதைப் படிப்பதற்குள் மண்டபம் அடங்கிவிட்டது.

மேசை முன்னால் விண்ணப்பத்தோடு நின்ற மாணவி ஒருத்தி கேட்டாள், "எங்க அட்ரஸையும் இப்படித்தான் போடுவீங்களா?" அவள் தன் விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். பின்னால் நின்றவனும் எடுத்தான். வரிசை கலைந்தது.

என் தம்பி சாவுக்கு அசையாதவன், அந்த வரிசை கலைந்ததும் வெளிறிப்போனான்.

ஜூன் 24, திங்கள்

லிஸ்ட் இல்லை. பக்கத்தைத் திறந்தால் வெறும் வெள்ளை. கடல் கடந்து போன பாஸ்வேர்டு இரண்டே நாளில் நீந்தி வந்துவிட்டது.

தபால்காரர் போன் செய்து சொன்னார், "வீடே நிம்மதியா இருக்கும்மா. பேச ஆள் இல்லாம கொஞ்சம் போரடிக்குது."

ஜூன் 29, சனி

தம்பியின் போன் அடிக்கவில்லை. இந்த வாரம் முழுக்க ஒரு தடவைகூட இல்லை.

"ரிப்பேரா பாருடி," என்றாள் அம்மா.

நல்லாத்தான் இருக்குன்னு காட்ட, என் போனிலிருந்து அதற்கு அடித்தேன். மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் ஓடி வந்தாள். அந்த முழங்கால் வலியோடு, படியெல்லாம் இறங்கி ஓடி வந்தாள். வந்து என் கையில் போனைப் பார்த்தாள்.

"நான்தாம்மா."

திரும்ப ஏறிப் போனாள்.

நான் என்ன தப்பு பண்ணேன்? யாராவது சொல்லுங்களேன். நியாயமாத்தானே செஞ்சேன்?

ஜூன் 30, ஞாயிறு

அம்மா துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த பேக்கரிக்காரரு எவ்வளவு நேரம் கேட்ல நின்னாரு?"

"விடும்மா."

"சொல்லு."

"மத்தியானத்துலேந்து சாயங்காலம் வரைக்கும்."

மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

ஜூலை 5, வெள்ளி

முந்தாநாள் முதலாளி மறுபடி தள்ளுபடி மெசேஜ் அனுப்பச் சொன்னார். "இவங்கள்ல யாரு மெசேஜ் அனுப்பலாம்னு சொன்னாங்க?" என்றேன். "அவங்களை யாரும்மா கேட்டா?" என்றார். "அதைத்தான் நானும் சொல்றேன்," என்றேன். இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. போகட்டும்.

ஜூலை 9, செவ்வாய்

இன்று போன் அடித்தது.

நான் குளித்துவிட்டு வந்தேன். அம்மா எடுத்துக் காதில் வைத்திருந்தாள். பிடுங்கிவிடலாம் என்று போனேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இல்லப்பா. அவன் இல்ல." கொஞ்சம் நிறுத்தினாள். "வேலைக்குப் போகல. வெளியூரும் போகல. இறந்துட்டான். ஆமா, என் பையன்தான்."

முதல் தடவை. சாவுக்கு வந்தவர்களிடம்கூட அவள் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

"அழாதப்பா, நீ ஏன் அழுவுற? நேரத்தைக் கடத்தாம ஆஸ்பத்திரி மாடியில இருக்கற ரத்த வங்கிக்குப் போ. இந்த நம்பரை எங்க பாத்த? செவுத்துலயா?"

போனை வைத்தாள். முகம் சிவந்துவிட்டது.

"ஆஸ்பத்திரி செவுத்துல ஒட்டி வெச்சிருக்கானுங்களாம். பழைய லிஸ்ட்டு, பேப்பர்ல. செத்தவன் பேரை வெச்சு என்னடி பொழப்பு இது? அவனவன் வீட்டு ஆளுங்க சாகக் கெடக்கயில இந்த நம்பருக்கு அடிச்சு அடிச்சு ஏமாறணுமா? என்கிட்ட ஏமாறணுமா?"

இப்படி ஒரு கோபம் அம்மாவிடம் நான் பார்த்ததே இல்லை. நான் கத்த வேண்டியதை எல்லாம் அவளே கத்திவிட்டாள். கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றேன்.

"நாளைக்கு என்னைக் கூட்டிட்டுப் போ."

ஜூலை 10, புதன்

போனோம். வெளிநோயாளிகள் பிரிவில், மருந்து வாங்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. ஓரமெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது. அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கை எட்டிய வரிசையிலிருந்து விரலை வைத்து ஒவ்வொரு பேராகப் படித்தாள். அவன் பேரில் விரல் நின்றது.

"பேனா குடு."

ஒரு நர்ஸ் வந்து, "என்னம்மா பண்றீங்க? அதுல எழுதக் கூடாது," என்றார்.

"இது என் பையன் நம்பர். அடிச்சா எனக்குத்தான் வரும்," என்றாள் அம்மா, திரும்பாமல். நர்ஸ் ஒதுங்கி வழி விட்டார்.

நம்பரின் மேல் அழுத்தி அழுத்திக் கிறுக்கினாள், காகிதம் கிழியும் வரை. விலாசத்தையும் அடித்தாள். பேரைத் தொடவில்லை.

பிறகு பேனாவை என்னிடம் நீட்டினாள். "மத்த பிள்ளைங்களோடதும் அடி. எனக்குக் கை எட்டல."