ஆடியில் அனுப்பியிருந்தால்

நெருப்பெரிச்சல்,
28.8.2008

அன்பு மகள் கீதாஞ்சலிக்கு அப்பா எழுதுவது. டாக்காவில் நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் நல்லபடியாக இருக்கச் சென்னிமலை ஆண்டவர் துணை இருக்கட்டும். இங்கே நான் சுகம். அம்மாவைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன், நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி. போனில் நீ அழுதால் எனக்குப் பேச்சு வருவதில்லை, அதனால்தான் கடிதம். கம்பெனியில் பகலில் நாலு மணி நேரம் கரண்ட் இல்லை, ஜெனரேட்டர் ஓட்டிக் கட்டுபடியாகவில்லை என்று முதலாளி கட்டிங்கை நிறுத்திவிடுகிறார், அந்த நேரத்தில் பனியன் துணிக்கட்டின் மேல் அட்டையை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

போன வாரம் அம்மாவைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். கட்டி ஈரலுக்குப் பரவிவிட்டது, இனி ஊசி போட்டும் பிரயோஜனமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தைப்பொங்கல் வரைக்கும் தாங்குமா என்று கேட்டேன், அவர் வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். பகலில் எதிர்வீட்டு ஒச்சம்மாள் வந்து கஞ்சி கொடுத்துப் பார்த்துக்கொள்கிறாள். தேனிப் பக்கத்துக்காரி, பேச்சு வெடுக்கென்று இருக்குமே தவிர அம்மாவைக் குழந்தை மாதிரி வைத்திருக்கிறாள். அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

கார்டு போனால் போகட்டும், வந்து கடைசி வரைக்கும் அம்மாகூட இருக்கிறேன் என்று போனில் சொன்னாய். வராதே கண்ணு. கோபப்படாமல் கேள். அந்தக் கனடாவில் நிரந்தரமாகக் குடியிருக்கிற கார்டு நிலைக்க ஐந்து வருடத்தில் இரண்டு வருடம் நீ அங்கே இருக்க வேண்டும், மாப்பிள்ளை அந்த நாட்டுக் குடிமகன் என்பதால் வெளிநாட்டில் அவரோடு ஒரே வீட்டில் இருக்கும் நாளும் சேரும், தனியாக இங்கே வந்து இருக்கும் நாள் சேராது என்று நீதான் எனக்கு விளக்கினாய். மாப்பிள்ளை வேலைக்குப் போன டாக்காவில் குடும்பம் வைக்க வசதியில்லை என்று முதல் இரண்டு வருடம் நீ சேவூரில் மாமியார் வீட்டில் இருந்தாயே, அதில் ஒரு நாளும் சேரவில்லை. நீ டாக்கா போனது போன வருடம் தையில், இரண்டு வருடம் நிறைவது வருகிற தையில். மாசியில் நீங்கள் டொரண்டோ திரும்ப வேண்டும். இப்போது வந்து உட்கார்ந்துவிட்டால் மாப்பிள்ளையும் பாப்பாவும் மட்டும்தான் விமானம் ஏறுவார்கள், மறுபடி மனுப் போட்டு உன்னைக் கூப்பிட எத்தனை வருடம் ஆகுமோ.

இதில் என் தப்பு ஒன்று இருக்கிறது, அதை எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கட்டுச்சோறு விருந்து முடித்து ஏழாம் மாதம் உன்னைப் பிரசவத்துக்குக் கூட்டிவந்தோம், இரண்டு வருடம் முன்பு வைகாசியில் பாப்பா பிறந்தாள். டாக்காவில் வீடு கிடைத்துவிட்டது, மூன்றாம் மாதமே அனுப்புங்கள் என்று மாப்பிள்ளை டிக்கெட்டோடு வந்தார். ஆடியில் தாயையும் பிள்ளையையும் அனுப்பமாட்டேன் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ஆவணியில் குழந்தைக்கு நாலாம் மாதம், இரட்டைப்படை. புரட்டாசி ஆகாது. ஐப்பசி மறுபடி இரட்டைப்படை. கார்த்திகையில் பாப்பாவுக்குச் சளி, மார்கழியைக் கேட்கவே வேண்டாம். உங்க காலண்டர்ல அனுப்பற மாசமே கெடையாதுங்களா மாமா என்று மாப்பிள்ளை சிரித்தார், நானும் சிரித்தேன். அன்றைக்கு ஆடியிலேயே அனுப்பியிருந்தால் இந்த ஆடியோடு உன் இரண்டு வருடம் முடிந்திருக்கும், இந்நேரம் நீ அம்மா பக்கத்தில் இருந்திருப்பாய். உண்மையைச் சொன்னால் பேத்தியைப் பிரிய மனசில்லை சாமி, அதற்குத்தான் மாதத்தின் மேல் பழியைப் போட்டேன்.

இதை அம்மாவிடம் சொல்லி அழுதுவிட்டேன். அந்த ஆறு மாசமும் புள்ள எங்கூட இருந்தாளுங்களே, அதையப் போய்த் தப்புங்கறீங்களா என்று என்னைத்தான் வைதாள். என்னையப் பாக்க வந்து அவ ஊடு ரெண்டாகக் கூடாதுங்க, வரவேண்டாம்னு எழுதீருங்க என்று சொன்னதும் அவள்தான். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஆனால் வாசலில் ஆட்டோ நின்றால் மட்டும் யாருங்க வந்தது என்று கேட்கிறாள்.

ரம்ஜானுக்கு அங்கே மாப்பிள்ளையின் ஃபேக்டரியைப் பூட்டுவார்கள் அல்லவா, அந்த ஒரு வாரம் மூன்று பேரும் சேர்ந்தே வாருங்கள். அவரோடு வந்து அவரோடு போனால் அந்த நாளும் சேரும் என்று மாப்பிள்ளையே சொன்னார். அதுவரைக்கும் அம்மா இருப்பாள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். நாள் கணக்குக் காட்டப் பாஸ்போர்ட்டில் சீல் குத்திய பக்கங்களையெல்லாம் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள், மறந்துவிடாதே. வேளைக்குச் சாப்பிடு. மூன்று பேருக்கும் எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

நீங்கள் திரும்பிப் போவது புரட்டாசியில்தான் வரும். வரட்டும். தினசரி காலண்டரை ஆணியிலிருந்து கழற்றிப் பீரோவுக்குள் வைத்துவிட்டேன். மாப்பிள்ளை கிளம்பலாம் என்று சொல்கிற நேரத்துக்கு நானே பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைக்கிறேன்.

உன் அப்பா,
சென்னியப்பன்