அப்பா முடிக்கப் போன கணக்கு

20 ஆகஸ்ட் 2007

மஞ்சள் காமாலையாம். சோற்றைக் கண்டாலே குமட்டியபோது அம்மா பித்தம் என்றாள், பக்கத்து வீட்டில் கண்ணேறு என்றார்கள். இன்று சிவகாசி டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு மாசம் படுக்கைதான்" என்றார். காலேஜ்? "அது எங்கேயும் ஓடிப் போகாதும்மா." அவருக்கென்ன, படித்து முடித்துவிட்டார்.

27 ஆகஸ்ட்

கீழாநெல்லி, மோர், உப்பில்லாத கஞ்சி. நாக்கு செத்துப்போச்சு.

2 செப்டம்பர்

பாண்டிலட்சுமி பார்க்க வந்தாள். விருதுநகர் காலேஜில் இரண்டாம் ஆண்டு இயற்பியலில் என் பக்கத்து இருக்கை. ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "வருகை கொறஞ்சா பரீட்சை எழுத விட மாட்டாகளாம்டி."

எனக்கு ஏற்கெனவே குறைந்திருக்கும். அப்புறம் என்ன செய்வார்கள்? அவளுக்கும் தெரியவில்லை. எங்கள் நாரணாபுரத்தில் காலேஜைப் பாதியில் நிறுத்தியவர்கள் உண்டு, திரும்பப் போனவர்கள் கிடையாது. மாரித்தாய் அக்காவும் உடம்புக்கு முடியாமல் கொஞ்ச நாள் என்றுதான் நின்றது. இப்போது பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிறது. நானும் அப்படியே நின்றுவிடுவேனோ?

5 செப்டம்பர்

அப்பா பட்டாசுக் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு வெள்ளைச் சட்டையில் காலேஜுக்குப் போனார். தீபாவளி சீசனில் அவர் லீவு எடுத்து நான் பார்த்ததில்லை. சாயங்காலம் சிரித்த முகமாக வந்தார்.

"எல்லாம் பேசியாச்சு தாயி. கணக்க முடிச்சுத் தரச் சொல்லிட்டேன்."

என்ன கணக்கு?

"அதான், டீசி. ஒடம்பு தேறுனதும் மறுபடி சேந்துக்கிடலாம்ல."

அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் கம்பெனி வழக்கம். தீபாவளிக்குக் கணக்கு முடித்து எல்லோரையும் அனுப்புவார்கள், பிறகு பூஜை போட்டு அதே ஆட்களைத் திரும்ப எடுப்பார்கள். கணக்கு முடிக்காமல் நின்றவனுக்குத்தான் அங்கே கெட்ட பேர். மகளுக்குக் கெட்ட பேர் வரக்கூடாது என்று மெனக்கெட்டுப் போய் டீசி கேட்டிருக்கிறார்.

டீசி வாங்கினா எடம் போச்சுப்பா, யாரக் கேட்டுப் போனீக— கத்திவிட்டேன். அப்பா முகம் பார்க்கச் சகிக்கவில்லை. "நல்லதுன்னுதான தாயி செஞ்சேன்." தெரியும்ப்பா. தெரியும். ஆனா என் படிப்பு போச்சே. அம்மா வந்து, "கண்ணு இன்னும் மஞ்சளாத்தான் கெடக்கு, அதுக்குள்ள என்ன சத்தம்" என்று போர்த்திவிட்டாள்.

7 செப்டம்பர்

இன்னும் கொடுக்கவில்லையாம். பாண்டிலட்சுமி ஆபீஸில் கேட்டுவிட்டு வந்தாள். நான் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் டீசி. எந்த மகராசன் வைத்த விதியோ, நன்றாக இருக்கட்டும். ஒரு டம்ளர் கஞ்சி கூடக் குடித்தேன்.

10 செப்டம்பர்

மோர் பாட்டிலோடு அப்பாவும் நானும் போனோம். துறைத்தலைவர் சீனிவாசகம் சார் என் கண்ணைப் பார்த்ததும் நாற்காலியை ஃபேனுக்கு அடியில் இழுத்துப் போட்டார்.

"டீசி எதுக்கு? மெடிக்கல் சர்டிபிகேட் குடுத்துட்டு அடுத்த வாரத்துல இருந்து வந்தா, வருகையைச் சரிபண்ணி இந்தப் பருவமே எழுதலாம். முடியாதுன்னா இப்ப நின்னுட்டு, அடுத்த ஜூன்ல இதே பருவத்துல சேரலாம். ஜூனியர் பிள்ளைகளோட படிக்கணும், அம்புட்டுதான். வீட்ல இருந்தே படிக்கணும்னா அஞ்சல் வழி இருக்கு. அதுக்குத்தான் டீசி வேணும்."

நான் முதலாவதைச் சொல்ல வாயெடுத்தேன். "மாடிப்படி ஏறுனதுக்கே மூச்சு வாங்குதே" என்றார் சார். உண்மைதான். ஒரு வருஷம் போகிறதே. ஆனாலும் ஜூன் என்று நானேதான் சொன்னேன்.

அப்பாவுக்கு ஒரே சந்தேகம். "அதுக்குள்ள இவ எடத்துக்கு வேற ஆள் போட்டுற மாட்டீகள்ல?" சார் சிரிக்கவில்லை. "போட மாட்டோம்யா" என்றார். வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் தூங்கினேன். எத்தனை நாளாயிற்று இப்படித் தூங்கி.

14 அக்டோபர்

மல்லாங்கிணறு பெரியம்மா மாப்பிள்ளை ஒன்று கொண்டுவந்தாள். "பிள்ளதான் சும்மா இருக்கே." அப்பா சட்டென்று, "சும்மா இல்ல மதினி, லீவுல இருக்கா" என்றார். கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தேன்.

8 நவம்பர்

தீபாவளி. டாக்டர் ஒரே ஒரு அதிரசத்துக்கு அனுமதி. இரண்டு தின்றேன். பாண்டிலட்சுமிக்கு நெருங்கிவிட்டது பரீட்சை. பொறாமையாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் பொய்.

16 ஜூன் 2008

சேர்ந்துவிட்டேன்.

புது வகுப்பில் எல்லோரும் என்னை அக்கா என்கிறார்கள், ஒருத்தி எழுந்து முன் வரிசையில் இடம் விட்டாள். போன வருஷம் இதே பிள்ளைகளைக் கேன்டீனில் அதட்டியிருக்கிறேன். வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயரெல்லாம் அச்சில். கடைசியாக, பேனாவில் என் பெயர்.

சீனிவாசகம் சார் மளமளவென்று வாசித்துக்கொண்டே வந்து கடைசியில் நிமிர்ந்து பார்த்தார்.

"பானுப்பிரியா."

"உள்ளேன் அய்யா" என்றேன். சத்தம் கூடிவிட்டது போலிருக்கிறது, வகுப்பே திரும்பிப் பார்த்தது. இன்னொரு தரம் கூப்பிட்டிருந்தால் இன்னொரு தரமும் சொல்லியிருப்பேன்.